இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்று

பாயான் லெப்பாஸ், மூன்றாம் மாடி, இரவு ஒன்பது இருபது.
தொண்ணூற்றெட்டு டிகிரி என்கிறது சில்லு.
பேட்டரிப் பொதியின் மேல் உள்ளங்கையை வைத்தேன்.
சில்லென்று கிடக்கிறது,
ஏர்கானுக்கு நேர் கீழே மறந்துபோன
நாசி லெமாக் பொட்டலம் மாதிரி.

யாரை நம்ப?
சில்லுக்குக் கையில்லை.
மிளகளவு தெர்மிஸ்டர் ஒன்று
செல்களின் இடுக்கில் ஒட்டிக்கொண்டு
தன் மின்தடையைச் சொல்லும், அவ்வளவுதான்.
சூடு ஏற ஏற அதன் தடை இறங்கும்
(மேலாளர் ஊய் இதற்கு நேரெதிர்).
மீதியெல்லாம் நான் எழுதித் தரவேண்டியவை:
எந்தக் கால் வெப்பத்துக்கு, எது சும்மா இருக்க,
உள்ளிருந்து மேலிழுக்கும் தடை
பதினெட்டாயிரம் ஓமா, நூற்றெண்பதாயிரமா.

நூற்றெண்பதை ஓடவிட்டு
பதினெட்டின் சூத்திரத்தால் வாசித்திருக்கிறேன்,
மூன்று நாளாக.
அது சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தது, பாவம்.

ஒரு பிட்டை மாற்றினேன்.
2971.
கெல்வினைப் பத்தால் பெருக்கியே பேசும் இது.
பத்தால் வகுத்து
இருநூற்று எழுபத்து மூன்று சொச்சத்தைக் கழித்தால்
இருபத்து நான்கு.
சுவரில் ஏர்கானும் இருபத்து நான்கு.
ஆளில்லாத கூடத்தில் கை தட்டவா முடியும்?
ஆறிப்போன மிலோவை ஒரே மூச்சில் குடித்தேன்.

இரண்டாவது காலும் இருபத்து நான்கு.
மூன்றாவது: மைனஸ் அறுபத்தேழு.
பினாங்கில்!
மறுநாள் காலை ஹஸ்லிண்டா
உருப்பெருக்கியைக் கண்ணில் இறக்கிக்கொண்டு குனிந்தாள்.
ஈயம் பிடிக்கவேயில்லை என்று மலாயில் முணுமுணுத்தாள்.
கம்பி விட்டுப்போனால் தடை எல்லையில்லாமல் ஏறும்;
எல்லையில்லாத தடையென்றால் கடுங்குளிர்.
இதற்குத் தெரிந்த நியாயம் அது.
உள்ளே செல் புகைந்துகொண்டிருந்தாலும்
பனிமலையில் இருக்கிறேன் என்றே சொல்லியிருக்கும்.

ஆகவே நிரலில் ஒரு வரி சேர்த்தேன்:
மைனஸ் நாற்பதுக்குக் கீழே எதைச் சொன்னாலும்
நம்பாதே, மின்னோட்டத்தை நிறுத்து.
எழுதி முடித்தபின் விரல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.
ஜெலுத்தோங் வீட்டில் நாலு வருஷம்
'எனக்கு ஒண்ணுமில்லை' என்று
நானும் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.

வரம்பு எத்தனை வைக்க?
அறுபத்தைந்து என்றார் ஊய்.
நடுவழியில் நின்றால் புகார் வரும், வாடகைக்காரர்கள் ஓடிவிடுவார்கள்.
செல்லின் தரவுத்தாள் அறுபது என்றது.
அவர் கீழே சாப்பிடப் போயிருந்தார்.
3331 என்று தட்டிச் சேமித்தேன்.
திரும்ப வாசித்தேன். மறுபடியும் வாசித்தேன்.
பூட்டினேன்.

ஏழு வாரம் கழித்து, உச்சி வெயிலில்,
சோதனை மோட்டார் ஓட்டும் தணிகைநாதன் அழைக்கிறான்,
பாலத்தின் மேட்டிலிருந்து.
"நின்னுருச்சிக்கா. காலைலேர்ந்து பசியாறகூட இல்ல.
பின்னாலேர்ந்து ஹாரனா அடிக்கிறானுங்க."
காற்று. ஹாரன். அவன் வசவு,
அதில் என் கம்பெனியும் உண்டு, நானும் உண்டு.

சீட்டைத் தூக்கு என்றேன்.
தொடாதே. கையைப் பக்கத்தில் மட்டும் கொண்டுபோ.

கொஞ்ச நேரம் காற்று மட்டும்.
பிறகு "அம்மாடி" என்றான்,
வேறு குரலில்.

என் திரையில் அவன் தொடைக்கடியில் இருந்த பொதி:
3334. 3334. 3333.
ஊய் வாசலில் நிற்கிறார், கைகளைக் கட்டிக்கொண்டு,
காது வரை சிவந்து.
ஆறட்டும் என்றேன்,
தமிழில்.
3332.